முப்பத்தொரு உறுப்பினர்களும் ஒரு கேசட்டும்

முப்பத்தொன்று. 1997இல், கேரள எல்லையோரத்தில், பனச்சமூடு எல்லை வானொலி நேயர் மன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கை அது. அவர்களில் முப்பது பேருக்குத் தாங்கள் உறுப்பினர்கள் என்பதே தெரியாது.

தெரிந்த ஒரே ஆள் பரமசிவன். தலைவரும் அவர்தான், செயலாளரும் அவர்தான். வயது முப்பத்தெட்டு. சந்திப்பில், தோட்டக்காரர்களிடம் ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் தரம் பார்க்கிற வேலை. ஷீட்டை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். குமிழி உண்டா, புகை ஒரேபோல் ஏறியிருக்கிறதா, தூசி ஒட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை. பிறகு "நாலு" என்பார், இல்லாவிட்டால் "அஞ்சு" என்பார். உச்சமான ஒன்றாம் தரம் என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. கடை முதலாளிக்குக் காட்டாக்கடை ஊர், செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் அந்தக் கடையில் பரமசிவன் சொன்னதுதான் தரம்.

மாலை ஆறரைக்கு அவர் வேறு ஆள். சிற்றலை ரேடியோவின் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஐரோப்பாவின் குளிர்மூலை ஒன்றிலிருந்து தமிழில் பேசும் வடகடல் வானொலியைப் பிடிப்பார். அரைமணி நேர ஒலிபரப்பு. ஞாயிற்றுக்கிழமை நேயர் கடிதம். 1991இல் ஒரு நாள் அறிவிப்பாளர் தேவகுமார், "பனச்சமூட்டிலிருந்து பரமசிவன் எழுதுகிறார்" என்று சொன்னபோது, பரமசிவன் ரேடியோவுக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டார். மனைவி ஓமனா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "பாம்பா?" என்று கேட்டாள்.

அதே வருடம் நிலையம் ஒரு அறிவிப்புச் செய்தது. இருபத்தைந்து பேருக்குக் குறையாத மன்றங்களின் கடிதங்களுக்கு முன்னுரிமை. பரமசிவன் ஊரில் ஆள் திரட்டப் பார்த்தார். ஒருவருக்கு வேலை, ஒருவருக்கு டிவி, ஒருவருக்கு அந்த இரைச்சலில் தலைவலி. ஆள் வரவில்லை என்றதும் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதையும் ஏனோதானோ என்று செய்யவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பேனா, ஒரு கையெழுத்துச் சாய்வு, ஒரு விருப்பம். சர்ச் பாடகர் குழுவை நடத்தும் ஆனந்தபாய் டீச்சர் இசை பற்றி எழுதினார். ரப்பர் வெட்டும் ஈசாக் மீன் வளர்ப்பு பற்றி ஆழமான கேள்விகள் கேட்டார். தனுவச்சபுரத்தில் டிகிரி படிக்கும் விபின் போன வருடம்தான் சேர்க்கப்பட்டான். அவனுக்கு விண்வெளி. ஓமனாவுக்குச் சமையல் குறிப்பு. எல்லாவற்றுக்கும் கார்பன் பிரதி வைத்து, யார் என்ன கருத்துடையவர் என்று பிசகாமல் பார்த்துக்கொண்டார்.

1997 செப்டம்பர் 29, திங்கட்கிழமை ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு கேசட். உறைக்குப் பதிலாக சைக்கிள் டியூபைக் கத்தரித்துச் சுற்றியிருந்தார்கள். டியூபின் மேல் வெள்ளை மையில் கையால் எழுதிய எண்: 214 / 300. கூடவே தேவகுமாரின் கடிதம்.

விஷயம் இதுதான். வானொலி நிலையம் இருக்கும் ஊரில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து நடத்தும் இசைக்குழு இது. கிதாருக்குப் பதில் கீபோர்டும் தாள மெஷினும் வைத்து, தொண்டை கிழியக் கத்துவார்கள். இதற்கு மின்னணு பங்க் என்று பெயர். மொத்தம் முந்நூறு கேசட்தான், இனிப் பதிக்கப் போவதில்லை. அதில் நான்கை, தமிழ் நேயர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அறிய, நான்கு மன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடைசிப் பத்தியைப் பரமசிவன் நின்றுகொண்டே மூன்று முறை படித்தார்.

"நான் அக்டோபர் மாதம் விடுமுறையில் நாகர்கோவில் வருகிறேன். 11ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தங்கள் மன்றத்துக்கு நேரில் வந்து, இந்த ஆல்பம் பற்றி உறுப்பினர்களின் கருத்துகளை ஒலிப்பதிவு செய்ய விரும்புகிறேன். குறிப்பாகத் திரு. ஈசாக் அவர்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்."

அன்று மத்தியானம் நல்ல நாலாம் தர ஷீட்டை ஐந்து என்று சொல்லிவிட்டார். கொண்டுவந்தவர் சண்டைக்கு வந்தபிறகுதான் திருத்தினார்.

ஊர் சிரிக்குமே என்ற பயம் பெரிதில்லை. ஊர் எப்படியும் சிரிக்கும். ஆறு வருடமாக "நமது பனச்சமூடு நண்பர்கள்" என்று சொல்லிவந்த அந்தக் குரல், இவன் கள்ளன் என்று தெரிந்துகொண்டுவிடுமே, பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பெயரைச் சொல்லாமல் போய்விடுமே என்பதுதான் பெரிய பயம்.

முதலில் ஓமனாவிடம் சொன்னார். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"எனக்க பேருலயும் எழுதினீளா?"

"பதினொண்ணு."

"அதுல உங்களப் பத்தி நான் ஏதாவது சொல்லியிருக்கேனா?"

"என் கணவர் எனக்கு ஊக்கமளிக்கிறார்னு ரெண்டு தடவ."

ஓமனா துருவுவதை நிறுத்தினாள். "இன்னும் நாலு தடவ எழுதியிருக்கலாம். கேக்குத ஆளு கடலுக்கு அந்தப்பக்கம் தானே" என்றாள். பிறகு, "போயி டீச்சர்கிட்ட சொல்லுங்க. அவங்க சம்மதிச்சா மத்தவங்களும் சம்மதிப்பாங்க" என்றாள்.

ஆனந்தபாய் டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பரமசிவன் கார்பன் பிரதிக் கட்டோடு போய் நின்றார்.

"டீச்சர், ஒரு தப்பு பண்ணிப்போட்டேன்."

"இரி. என்னவாக்கும்?"

சொன்னார். டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தன் பெயரிலிருந்த இருபத்திரண்டு கடிதங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். இடையில் ஒன்றை எடுத்து உரக்க வாசித்தார். "தங்கள் நிகழ்ச்சியின் தொடக்க இசையில் புல்லாங்குழல் சுருதி இறங்கி ஒலிப்பது எனக்கு வருத்தமளிக்கிறது."

"இது உள்ளதா பரமசிவா?"

"உள்ளதாக்கும் டீச்சர். நீங்க சர்ச்சுல ஆர்மோனியம் வாசிக்கிற ஆளுகிட்ட சுருதி எறங்குதுன்னு சொன்னத வெளிய நின்னு கேட்டேன். அப்பறம் ரேடியோவுல கவனிச்சுப் பாத்தேன். அங்கயும் எறக்கம்தான்."

"அவங்க மாத்தினாங்களா?"

"அடுத்த வருஷம் மாத்தினாங்க."

டீச்சர் கடிதங்களை அடுக்கி நூல் கட்டித் திருப்பிக் கொடுத்தார். "இவ்வளவு நாளும் சொன்னது நீ. சனிக்கிழமை வாயத் திறந்து சொல்லப்போறது நான். கேசட்ட முழுசா கேக்காம நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். மத்தவங்களையும் கேக்க வை."

இங்கேதான் ஒரு சிக்கல். கேசட் ஒன்றுதான். நெய்யாற்றின்கரையில் ஐந்தே நிமிடத்தில் பிரதி எடுத்துத் தரும் கடை உண்டு, நான் போய் எடுத்து வாறேன் என்றான் விஷயம் தெரிந்து வந்த விபின். பரமசிவன் கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்திக்கொண்டார்.

"முந்நூறுன்னு அவங்க எழுதியிருக்காங்க. நாம எடுத்தா முந்நூத்தி ஒண்ணு ஆவும். அது பொய்."

"ஆளுகள முப்பது பிரதி எடுக்கலாம். கேசட்ட ஒண்ணு எடுக்கப்பிடாது. அப்படித்தானே அண்ணே?" என்றான் விபின்.

பரமசிவன் அப்படியும் கொடுக்கவில்லை. ஆகவே கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் ரப்பர் கடைக்கு வந்தார்கள். செவ்வாய் தவிர்த்து மற்ற நாட்களில், எடை போடும் நேரத்தில், தராசுக்குப் பக்கத்து ஸ்டூலில் டேப்ரெக்கார்டர்.

செய்தி சந்திப்பைச் சுற்றிவந்தது. பரமசிவன் எதிர்பார்த்த சண்டை வரவில்லை, எதிர்பாராத ஒன்று வந்தது. எதிர்ப்புறம் சாயாக்கடை நடத்தும் ராஜன் தோளில் துண்டோடு சாலையைக் கடந்து வந்தார்.

"ஓய், ஈசாக்குக்கு அந்த மன்றத்துல எடம் உண்டு. எனக்கு உண்டா?"

பரமசிவன் பதிவேட்டைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். "இல்ல, ராஜன் அண்ணே."

"ஏன் இல்ல? எட்டு வருஷமா எனக்க கடையில சாயா குடிக்கிறீரு. எனக்கு ஒரு கருத்து இருக்காதா?"

"கள்ளப்பேரு அண்ணே. தப்பான காரியம். அதுல சேராதது உங்களுக்கு நல்லது."

"தப்பான காரியத்துக்கும் என்னைத் தோணல, பாத்தீரா" என்று சொல்லிவிட்டு ராஜன் அங்கேயே ஒரு ஷீட் கட்டின் மேல் உட்கார்ந்தார். கேசட் முடியும்வரை போகவில்லை.

முதல் நாள் எல்லாருக்கும் திகைப்புதான். பக்கம் ஒன்றில் ஆறு பாட்டு, பக்கம் இரண்டில் ஐந்து. மொத்தம் இருபத்தொன்பது நிமிடம். முதல் பாட்டு ஆரம்பித்ததும் இரண்டு பேர் மின்மோட்டாரில் கோளாறு என்று நினைத்து சுவிட்சை அணைக்க ஓடினார்கள். டியூப் உறை கைக்குக் கை மாறியது. ரப்பர்க்காரர்கள் அதை இழுத்தார்கள், முகர்ந்தார்கள், வெளிச்சத்தில் பிடித்தார்கள். அஞ்சாம் தரம்கூட இல்லை, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலில் செய்தது என்று முடிவானது. இசை பற்றி அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் ஈசாக் வந்தார். அறுபத்தாறு வயது. ஒரு காது மந்தம், மறு காது சுமார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்தி, ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்துக்கொண்டார். மூன்றாம் பாட்டில் அவர் வலது கை சுற்ற ஆரம்பித்தது. உறைந்த ரப்பர்ப் பாலை ஷீட்டாக்கும் உருளை மெஷினின் கைப்பிடியை நாற்பது வருடம் சுற்றிய கை அது.

"எலே பரமசிவா, இது நம்ம மெஷினுக்க சத்தமாக்கும்" என்றார். "பல்லு தேஞ்ச மெஷினு. ஒரு சுத்துக்கு ஒரு தடவ சாடும். கேட்டியா, இந்தா, சாடிச்சு."

எல்லாரும் கேட்டார்கள். துள்ளிச் சாடியது. அதற்குப் பிறகு அந்த இடத்தை யாராலும் வேறு விதமாகக் கேட்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஆளுக்கொரு கருத்து வந்தது. ஊர் வழக்கப்படி இரண்டு கட்சியும் உண்டானது. பக்கம் ஒன்றுதான் பாட்டு, மற்றது வெறும் இடி என்றது ராஜனின் கட்சி. பக்கம் ஒன்றைக் கேட்டுவிட்டு இரண்டைக் கேட்காதவன் சோறு தின்றுவிட்டுக் கறியை வைத்துவிட்டுப் போகிறவன் என்றது ஈசாக்கின் கட்சி. இரண்டு கட்சியையும் விபின் மதிக்கவில்லை. பங்க் என்றால் கிதார் வேண்டும், பட்டனை அமுக்கிவிட்டுக் கத்துவது ஏமாற்று என்றான். ஆனாலும் ஒரு நாள் தவறாமல் வந்தான்.

டீச்சர் நோட்டும் பென்சிலும் கொண்டுவந்து கேட்டார். ஓமனா ஒரு மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து, ஒன்பதாம் பாட்டு முடியும்வரை நின்றாள். "அவன் ஒண்ணு சொல்லுதான், அவ ரெண்டு சொல்லுதா. என்ன பாஷைன்னு தெரியாட்டாலும் யாருக்க பக்கம் நியாயம்னு தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவ்வளவு நடந்தும் பரமசிவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஊர் மன்னித்தது ஊரின் கணக்கு. தேவகுமார் வேறு. வெள்ளிக்கிழமை உட்கார்ந்து இருபது துண்டுச்சீட்டு எழுதினார், ஆளுக்கொன்று, அவரவர் கடித நடையில். சனிக்கிழமை காலை கடை வாசலில் வந்த உறுப்பினர்களுக்கெல்லாம் கொடுத்தார். சொல்லப்போனால் பட்டியலில் இருந்தவர்களைவிட இல்லாதவர்கள்தான் நேரத்தோடு வந்திருந்தார்கள்.

டீச்சர் தன் சீட்டைப் படித்தார். "மேலைநாட்டு இளைஞர்களின் எழுச்சிமிகு இசை நெஞ்சை அள்ளுகிறது" என்றிருந்தது. மடித்துப் பரமசிவன் கையிலேயே வைத்தார்.

"எனக்க நெஞ்ச ஒண்ணும் அள்ளல. நான் கேட்டத நான் சொல்லுவேன்."

தேவகுமார் பத்தே முக்காலுக்கு மார்த்தாண்டம் பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்தக் குரலுக்குப் பரமசிவன் மனதில் ஆறடி உயரம் கொடுத்திருந்தார். இறங்கியது குள்ளமான, ஜலதோஷம் பிடித்த மனிதர். தோளில் ஒலிப்பதிவுக் கருவி. "வணக்கம். வடகடல் வானொலியிலிருந்து தேவகுமார்" என்றபோதுதான் கூட்டம் நம்பியது. நெருங்கிப் பார்த்தால் அவர் முகத்திலும் ஒரு களைப்பு. ஏதோ கெட்ட செய்தியைத் தெரிந்துகொண்டே வந்தவர்போல ரப்பர் கட்டுகளைச் சுற்றிப் பார்த்தார்.

"முதலில் திரு. ஈசாக்" என்று மைக்கை நீட்டினார். "ஆறு ஆண்டுகளாக அருமையான கடிதங்கள் எழுதிவருகிறீர்கள். இந்த ஆல்பம் பற்றி?"

ஈசாக் மைக்கைப் பார்த்தார், பரமசிவனைப் பார்த்தார். பரமசிவன் கண்ணால் கெஞ்சினார். ஈசாக்குக்குக் கண் ஜாடை எல்லாம் புரியாது.

"கடுதாசி நான் எழுதல சாரே. எனக்கு எழுதவும் படிக்கவும் தெரியாது. அதெல்லாம் இவன் எழுதினதாக்கும். பாட்டு கேட்டது மட்டும் நான்."

தேவகுமார் பட்டனை அமுக்கினார். கருவி நின்றது.

"மீன் வளர்ப்புக் கேள்விகள்?" என்றார் பரமசிவனைப் பார்த்து.

"நான் சார்."

"தொடக்க இசையில் சுருதி இறங்குகிறது என்று எழுதிய ஆனந்தபாய்?"

"டீச்சர் இவங்கதான். எழுதினது நான்."

"முப்பத்தொரு பேரும்?"

"எல்லாம் நான் சார். மன்றத்தத் தள்ளிடுங்க. இவங்க மேல தப்பு இல்ல."

தேவகுமார் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். அவர் பேசுவதற்கு முன்னால் ராஜன் புகுந்தார்.

"அதெல்லாம் நீங்க பின்ன பேசுங்க. சாரே, பாட்டு பத்திச் சொல்லணும்னு ஏழு நாளா காத்திருக்கோம். எனக்குப் பட்டியல்ல பேரும் கெடையாது, ஆனா கருத்து உண்டு. பக்கம் ஒண்ணு கேக்கலாம். பக்கம் ரெண்டு சவம், அதுல ஒரு பாட்டு முடியிறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சுடுது, மனுஷனுக்கு மூச்சு விடவேண்டாமா?"

"உமக்கு மூச்சு முட்டினா வெளிய போவும்" என்றார் ஈசாக். "பக்கம் ரெண்டுலதான் மெஷினு சரியா ஓடுது."

"மெஷினு கேக்கணும்னா ஷீட்டடிக்கிற கூப்புக்குப் போனாப் போதும்லா, கேசட்டு எதுக்கு?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் மிண்டாம இருங்க" என்றார் டீச்சர். நோட்டைத் திறந்தார். "நாலாவது பாட்டுல அந்தப் பொண்ணு முப்பத்தெட்டு விநாடி மூச்சு எடுக்காம கத்துதா. எனக்க பாடகர் குழுவுல அப்படி ஒரு ஆளு இல்ல. ஆனா ஏழாவதுல அவளுக்கு சுருதி போவுது. அது வேணும்னே செய்யிறதா, தெரியாம செய்யிறதான்னு அவங்ககிட்ட கேட்டு எழுதணும்."

"வேணும்னேதான் டீச்சர், அதுதான் பங்க்" என்றான் விபின்.

"கிதார் இல்லாம பங்க் இல்லன்னு நேத்து நீதானே சொன்ன?"

"அது நேத்து."

தேவகுமாரின் கை தானாகப் போய்ப் பட்டனை அமுக்கியிருந்ததைப் பரமசிவன் அப்போதுதான் கவனித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த நாற்பது நிமிடம் அணையவில்லை. ஓமனா யாருடைய பக்கம் நியாயம் என்று சொன்னாள். டியூபின் தரத்தைப் பற்றி மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஈசாக் கையைச் சுற்றிக் காட்டினார். கையைச் சுற்றுவது ரேடியோவில் கேட்காது என்று சொன்னபிறகு வாயால் சாடிக் காட்டினார்.

எல்லாம் முடிந்து, ராஜன் கடையில் சாயா குடித்தார்கள். தேவகுமாரின் வானொலித் தமிழ் எங்கோ கழன்று விழுந்திருந்தது.

"நாலு மன்றம், பரமசிவன். மூணுக்குப் போயிட்டு வாறேன். மூணுலயும் வாழை மரம் கட்டி, மாலை போட்டு, 'இனிமையான இசை, இதமான பாடல்கள்'னு சொன்னாங்க. இதுல இனிமை எங்க இருக்கு? உறையக்கூட யாரும் பிரிக்கல. இங்கயும் அப்படித்தான்னு நெனச்சு, பஸ்ஸுல வரும்போதே அந்தப் பாட்டுக்காரங்க ரெண்டுபேருக்கும் என்ன மன்னிப்பு எழுதறதுன்னு யோசிச்சுட்டு வந்தேன்."

"ஆனா நான் எழுதினது கள்ளம் சார்."

"கள்ளம்தான். இனி அப்படி எழுதாதீங்க." அவர் ஒரு மடக்குக் குடித்தார். "அந்த சுருதி விஷயத்த எங்க இயக்குநருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தது நான். நீங்க காதால கேட்டதுதானே? அப்ப அது பொய்யில்ல, பேருதான் வேற. ஈசாக் அண்ணன் முதல்ல சொன்னத மட்டும் வெட்டிடறேன்."

"எதுக்கு வெட்டணும்?" என்றார் பக்கத்து பெஞ்சிலிருந்து ஈசாக், நல்ல காதைத் திருப்பி. "நான் சொன்னதுல எதுவாக்கும் தப்பு?"

தேவகுமார் சிரித்தார். பரமசிவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ராஜன் இரண்டு முறை கூப்பிட்டபிறகுதான் கண்ணாடித் தம்ளரை வாங்கினார். சாயா ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்றார். எட்டு வருடத்தில் ராஜன் அவர் வாயிலிருந்து கேட்ட முதல் ஒன்றாம் தரம் அது.

பஸ் ஏறுமுன் தேவகுமார் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். முப்பத்தொரு பெயருக்கும் குறுக்கே கோடு போட்டு, அன்று வந்தவர்களைக் கையெழுத்திடச் சொன்னார். இருபத்திரண்டு பேர். ஈசாக் கைநாட்டு. ராஜன் தன் பெயரை முதல் வரிசையில் எழுதி, அடியில் கோடும் போட்டார். பரமசிவன் கடைசியில் எழுதினார்.

நவம்பர் 9, ஞாயிறு மாலை வடகடல் வானொலியில் பனச்சமூட்டுக்காரர்கள் பதினேழு நிமிடம் பேசினார்கள், ஈசாக்கின் முதல் வாக்கியத்தோடு சேர்த்து. பரமசிவனின் குரல் அதில் இல்லை. மறுநாள் காலை அவர் கடையைத் திறந்து, முதலில் வந்த ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, "நாலு" என்றார்.